கூட்டாளி இருந்த இடத்தில் ஒரு பழைய கம்ப்ரசர்

காற்றை உறிஞ்சிப் பலகையை மேசையோடு பிடித்துவைக்கும் வித்தையை பத்தாங் காலியில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் நான்தான். யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். வேண்டாம், கேட்காதீர்கள். பொய். ரவாங்கில் ஒரு நாற்காலி ஃபேக்டரிக்கு மரம் இறக்கப் போனபோது, ஒண்ணுக்குப் போகிற சாக்கில் உள்ளே புகுந்து எட்டிப்பார்த்தேன். ஆணியும் இல்லை, இடுக்கியும் இல்லை, ஒரு பலகை மேசைமேல் அசையாமல் கிடந்தது. அதன்மேல் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் மரத்தூள் உள்ளே போய் இருமிவிட்டேன். காவல்காரர் பிடித்து வெளியே தள்ளினார். என் கண்டுபிடிப்பின் கதை அவ்வளவுதான்.

அது மலேசியாவில், எண்பதுகளில். ஓர் ஆணிக்கடையின் பின்னால், தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறை. முதலாளி ஒரு சீனத் தவுக்கே. வேலைக்காரர்கள் நானும் என் கூட்டாளியும். இரண்டு பேரும் கோலா சிலாங்கூர் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்தில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடியதும் ஒன்றாகத்தான். அதில் மட்டும் நான் முதலாவது.

கோப்பிக் கடைகளுக்கு வட்ட ஸ்டூல் செய்வதுதான் எங்கள் வேலை. வெட்டின பலகையின் ஓரத்தை ரூட்டர் என்ற கை மெசினால் சுற்றிலும் மழுக்க வேண்டும். இடுக்கி போட்டால் அது மெசினின் வழியில் நிற்கும்; கழற்றி மாற்றி, கழற்றி மாற்றியே பொழுது போய்விடும். அதனால் அவன் பலகையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடிப்பான். நான் மெசினோடு சுற்றி வருவேன். நான் வர வர அவன் எனக்கு வழிவிட்டுத் தானும் சுற்றுவான். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு தடியன்கள் மேசையைச் சுற்றிக் கும்மியடிப்பது போலிருக்கும். அவன் வாய் ஓயாது. மெசின் சத்தத்தில் பாதி கேட்காது; கேட்காத பாதிக்கும் சேர்த்து நான் சிரித்துவைப்பேன்.

பிறகு அவனுக்குக் கல்யாணமானது. பெண் வீடு ரவாங். அங்கேயே ஒரு ஃபேக்டரியில் சேர்ந்துவிட்டான். கல்யாணப் பந்தலில் மூன்று தடவை சாப்பிட்டவன் நான். குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அதன் பிறகும் பழைய பழக்கத்தில் எதிரே இருந்த கடையில் இரண்டு கோப்பியே கேட்டேன். கட்டிக்கொடுத்த பிளாஸ்டிக் பையிரண்டையும் சுவரில் ஆணியில் மாட்டிவைத்து, இரண்டையும் நானே குடித்தேன். ஒன்று போதும் என்றால் கடைக்காரப் பெண் "ஏன்" என்று கேட்பாளே, அதற்கு யார் பதில் சொல்வது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அது கோப்பியால்தான் என்று நானாகச் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் திரும்பி வர வேண்டும். ஆனால் ரவாங்குக்குப் போய் "வாடா" என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பெண்டாட்டியையா விட்டுப் போனான், பலகையை விட்டுத்தானே போனான்.

ஒற்றை ஆளாக நான் பலகையை முழங்காலால் அழுத்திக்கொண்டு மெசினை ஓட்டிப் பார்த்தேன். பலகை பறந்துபோய்த் தவுக்கேயின் காலண்டரில் இருந்த அழகியின் முகத்தைக் கிழித்தது. அவர் வந்து பார்த்தார். பாதி மலாயிலும் பாதி கையசைவிலும் சொன்னார்: இந்த ஆர்டரை ஒருத்தனாக முடிக்க முடியாவிட்டால் பட்டறையை மூடிவிட்டு ஆணி மூட்டை அடுக்கப்போகிறேன். மூடினால் கூட்டாளி திரும்பி வருவதற்கு ஓர் இடமே இருக்காது. அப்போதுதான் அந்த ஃபேக்டரி மேசை ஞாபகம் வந்தது.

பழைய இரும்புக் கடையில் ஒரு செத்த ஃபிரிட்ஜின் கம்ப்ரசரைப் பிடித்தேன். ஃபிரிட்ஜ்தான் செத்திருந்தது, கம்ப்ரசருக்கு உயிர் இருந்தது. அது காற்றை இழுக்கும் பக்கத்தில் ஒரு குழாயை மாட்டி, மறுமுனையை மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஓட்டை வழியாக மேலே கொண்டுவந்தேன். ஓட்டையைச் சுற்றி வட்டமாக ரப்பர் ஒட்டினால் போதும். மேலே பலகையை வைத்ததும் இடையில் இருக்கும் காற்று போய்விடும், பலகை ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டவில்லை. எல்லாரும் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுவார்கள். நான் ரப்பர் மரத்து மகனாயிற்றே, டியூபைத் தொடுவேனா. எங்கள் தோட்டத்துப் புகைபோட்ட ரப்பர் ஷீட்டையே வெட்டி ஒட்டியிருந்தேன். உறைந்த பாலை உருட்டித் தட்டையாக்கும் மெசின்களில் கடைசி மெசின் அந்த ஷீட்டில் வரிவரியாகக் கோடு போட்டிருக்கும். சீக்கிரம் காய்வதற்காகப் போட்ட கோடு. பிறந்ததிலிருந்து பார்த்த கோடு. ஒவ்வொரு கோட்டிலும் காற்று சாவகாசமாக உள்ளே வந்துபோனது. பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போய், கடைசி மெசினில் விடாத ஒரு மொழுமொழு ஷீட்டைக் கேட்டேன். தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கோடு போடாத ஷீட்டு எதுக்குடா ஒனக்கு."

"ஒட்டறதுக்கு மாமா."

"ஒன் வாயில ஒட்டிக்க. ஊரு நிம்மதியா இருக்கும்."

ஆனாலும் கொடுத்தார். அதை ஒட்டிக் கம்ப்ரசரின் சுவிட்சைத் திறந்தேன். பலகை பிடித்துக்கொண்டது. தள்ளினேன், இழுத்தேன், தொங்கிக்கூடப் பார்த்தேன். அசையவில்லை. மெசினோடு தன்னந்தனியாகச் சுற்றி வந்தேன். எனக்கு வழிவிட எதிரே யாரும் இல்லை. ஆர்டர் முடிந்தது. தவுக்கே தோளில் தட்டினார்.

சாப்பாட்டு நேரத்திலும் நான் கம்ப்ரசரின் சுவிட்சை அடைக்கவில்லை. அடைத்தால் பட்டறையில் பல்லி கத்துவது கேட்கும். "ம்ம்ம்" என்று அது முனகிக்கொண்டிருந்தால், யாரோ நான் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுவது போலிருக்கும். அதனிடம் சில நகைச்சுவைகள்கூடச் சொன்னேன். கூட்டாளியைவிட நல்ல ரசனை அதற்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே வந்து நின்றான். ஃபேக்டரிச் சட்டை, சீவிய தலை. பலகையைத் தள்ளிப் பார்த்தான்.

"என்னாடா இது, ஆளு இல்லாமயே புடிச்சிருக்கு."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "இது கோப்பி கேக்காது, மாமனாரு வூட்டுக்குப் போறேன்னு லீவு போடாது லா."

சிரித்தான். "அப்ப நான் வேஸ்ட்டு."

"அது சின்ன வயசுலேயே தெரிஞ்ச சங்கதிதான."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்தேன். அவன் திரும்பி வரவேண்டும் என்று பட்டறையைக் காப்பாற்றிவிட்டு, அவனுக்கு அதில் வேலையே இல்லாமல் செய்துவைத்திருக்கிறேன். என் மூளைக்குக் கோடுபோட ஒரு மெசின் வேண்டும். உடனே இன்னொரு யோசனை வந்தது. மெசினை எடுத்து ஓட்டிக் காட்டினேன். பாதி வட்டத்தில், மேசைக்கு அடியில் காலை நீட்டிக் குழாயை ஒரு தட்டு தட்டிவிட்டேன். கம்ப்ரசரின் முனகல் மாறியது. பலகை நழுவியது.

"புடிடா, புடிடா," என்றேன். எத்தனை மாத ஆசை அந்த வார்த்தையில்.

அவன் பிடிக்கவில்லை. பாய்ந்து போய் மெசினின் பிளக்கைப் பிடுங்கினான். பிறகு மேசைக்கு அடியில் தவழ்ந்து போனான். நான் மேலே நின்று அவன் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொழா கழண்டிருச்சு. ஒரு கம்பி குடு."

பால்மரத்தில் கோப்பை கட்டுகிற கம்பித் துண்டு ஒன்று டப்பாவில் கிடந்தது. கொடுத்தேன். குழாயைச் சுற்றி முறுக்கி, தோட்டத்தில் மரத்துக்குக் கட்டுவது போலவே ஒரு கட்டு போட்டான். பலகை மறுபடியும் ஒட்டிக்கொண்டது. முன்பைவிடக் கெட்டியாக.

"இனிமே மழையே வந்தாலும் அவுறாது," என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

பஸ் நிற்கிற இடம்வரை கூடவே நடந்தேன். பஸ் தூரத்தில் தெரிந்தபோது சொல்லிவிட்டேன்.

"டேய், நான்தான் குழாயக் காலால தட்டி உட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"கொழாப் பக்கத்துல ஒன் சிலிப்பரு தனியா கெடந்துச்சு."

குனிந்து பார்த்தேன். ஒரு காலில் சிலிப்பர் இல்லாமல்தான் அவ்வளவு தூரம் நடந்துவந்திருக்கிறேன்.

"தெரிஞ்சும் ஏன்டா கட்டுன?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸைப் பார்த்தான்.

"அவ முழுகாம இருக்காடா. நான் வர முடியாது. ஒரு மாசம் வந்து புடிச்சிட்டு மறுபடி போனா ஒனக்குத்தான் சுசா, கஷ்டம். அதான் அவுறாத மாரி கட்டிட்டுப் போறேன்."

பஸ் வந்தது, அவன் ஏறினான். நான் தார்ரோட்டின் சூட்டில் ஒரு காலைத் தூக்கித் தூக்கிப் பட்டறைக்குத் திரும்பினேன்.

அவன் வர முடியாது, சரி. நான் போகலாமே. இது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு காலிலும் சிலிப்பர் போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு பிசாங் பழத்தோடு ரவாங் பஸ் ஏறினேன். வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினேன். உள்ளே அவன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது வெளியே கேட்டது. கதவைத் திறந்தது அவன் மனைவி. என்னைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள், பிறகு உள்ளே திரும்பி அவனிடம் சொன்னாள்—

"அண்ணே, கேஸ் தோங்கு வந்திருச்சு, ஆளு கீழ நிக்கிறான், சீக்கிரம் எறங்கி வாங்க."

இது இப்போது என்னைக் கூப்பிடுகிற கீழ் வீட்டு அம்மா. அவன் மனைவி சொன்னது வேறு. இருங்கள், வந்து சொல்கிறேன்; நான் இறங்காவிட்டால் அந்த ஆள் கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவான்.