கொண்டை வைத்த கிளி

பொடிப்பொடிக் கட்டங்கள் அச்சிட்ட புதுக் "கட்டநோட்டை"ப் பிரித்தால் பசையும் மையும் கலந்த ஒரு வாசனை வரும். ஆறாம் வகுப்பில் அதை முகர்ந்துகொண்டே பாதிப் பாடத்தைக் கோட்டை விட்டவள் நான். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறிக்காரர்கள். அந்த நோட்டை வாங்கித்தர யாருக்கும் வசதியில்லை. அப்பா கூலிக்கு நெய்துகொடுத்த பட்டுக்கடை முதலாளிதான் வருஷாவருஷம் எங்கள் பள்ளிக்கு இலவசமாகக் கொடுப்பார், கொடுக்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் கன்னத்தையும் தட்டுவார்.

ஓவிய வகுப்பில் ஒரு நாள் மயில் வரைய ஆரம்பித்தேன். தோகைக்குக் கட்டம் போதவில்லை. அழிக்கச் சோம்பல்பட்டு, வாலைச் சுருக்கி மூக்கை வளைத்துக் கிளியாக்கிவிட்டேன்; தலையில் கொண்டை மட்டும் நின்றுவிட்டது. வகுப்பே சிரித்தது. நல்ல படங்கள் என்று வாத்தியார் வாங்கிப்போன நோட்டுகளோடு என்னுடையதும் போனது, திரும்பி வரவில்லை.

தை முகூர்த்தத்துக்கு முன்னால் அப்பா தறியில் புது "அட்டை" ஏற்றினார். சேலையில் என்ன உருவம் விழ வேண்டும் என்பதை அந்தத் துளைபோட்ட அட்டைகள்தாம் சொல்லும். நாலு விரல் நெய்ததும் சிவப்புக் கரையில் ஜரிகைக் கிளி எழுந்தது, கொண்டையோடு.

"அப்பா, இது என்னுது!" என்று கத்தினேன்.

அம்மா விடவில்லை. "புள்ள போட்டதுன்னு முதலாளிய ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. பேராவது இருக்கட்டும்."

எனக்கும் வேண்டியது அவ்வளவுதான்: அந்தக் கடையில் யாராவது என் பெயரைச் சொல்ல வேண்டும். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். திரும்பியபோது கையில் இரண்டு புதுக் கட்டநோட்டுகள்.

"முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம்மா. கெட்டிக்காரப் பொண்ணு, நல்லா படிக்கட்டும்னாரு."

"என் பேரு?"

அப்பா தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டார். "'நம்ம நோட்டுல போட்டதுதானேப்பா'ன்னு சிரிச்சிக்கினே கேட்டாரு. இந்த நோட்ட நீட்டினாரு, வாங்கிக்கினு வந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அந்த மனிதரை முழுசாக வெறுக்க முடியவில்லை. அவர் நோட்டு இல்லாவிட்டால் நான் வரைந்தே இருக்க மாட்டேன், பின்னாளில் ஓவிய ஆசிரியை ஆகியிருக்கவும் மாட்டேன்.

போன மாதம் தங்கை பேத்தியின் கல்யாணத்துக்குப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் போனோம். பள்ளி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். சேலைக்கு உருவம் போடக் கட்டநோட்டு போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கடைக்காரர் ஒரு சேலையை விரித்தார். "கொண்டைக்கிளி பார்டர்மா. ராஜா காலத்து டிசைன்."

"யாரு போட்டதுப்பா?"

"அதெல்லாம் யாருக்கும்மா தெரியும்?"

என் கிளியை, அவர் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு வந்தேன்.