கண்மாய்த் தரையில் விழுந்த தண்ணீர்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூர் பனியன் கம்பெனி, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை, கேரளத்தில் கல்குவாரி என்று எங்கும் நிலைத்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் படுத்த நாளும் உண்டு. திண்டுக்கல்லில் புரொஜெக்டர், ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்தபோது, வீடியோவில் கலை செய்யும் ஒரு பெண்ணிடம் என்னை அனுப்பினார்கள்.

சாணார்பட்டிப் பக்கம் வறண்ட கண்மாய் ஒன்று. வண்டியிலிருந்து திரைத்துணியை இறக்கினேன்.

"அது வேண்டாண்ணே. படம் தரையில விழணும்," என்றார் அந்தப் பெண்.

சினிமாக்காரர்கள் பின்னால் ஒயர் சுமந்திருக்கிறேன். தரையில் படம் போடச் சொன்ன ஆளை அன்றுதான் பார்த்தேன். சாரம் கட்டி, புரொஜெக்டரைக் கீழ்நோக்கிப் பொருத்தினோம்.

"எல்லாரும் கரையிலயே நின்னுட்டா நான் தோத்தேன். ஒருத்தராவது இறங்கணும்," என்றார்.

பொழுது சாய்ந்ததும் ஊர் கரையில் கூடியது. முதலில் விழுந்தது அதே கண்மாயில் அவர் படம் பிடித்திருந்த குப்பை. கேரிப்பை, பூச்சிமருந்து டப்பா, கோழிக்கழிவு மூட்டை.

"எங்க குப்பையக் காட்டவா மெட்ராஸ்ல இருந்து வந்த?" என்று ஒருவர் கத்தினார்.

"மாமா, அந்தா தெரியுறது உங்க கோழிக்கடை மூட்டைதான!" என்றது இன்னொரு குரல். கரையே சிரித்தது. யாரும் இறங்கவில்லை. அந்தப் பெண் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்.

குப்பை மங்கி, மடையோரமாகத் தண்ணீர் பரவியது. ஊர் ஊராக அலைந்து அவர் படம் பிடித்த தண்ணீராம். அல்லி, நாரை, மாடு குளிப்பாட்டும் ஆட்கள். மனிதர்கள் இருந்தார்கள், அழுக்கு இல்லை.

வெள்ளாடு மேய்க்கும் அக்கா ஒருவர் முதலில் இறங்கினார். பகலெல்லாம் அவர் நடந்த காய்ந்த மண்தான். ஒளியின் ஓரத்துக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினார். பின்னால் வந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

"ஏலே, மடைப்பக்கம் போகாத, ஆழம்!"

சிரித்தார்கள். ஆனாலும் யாரும் மடைப்பக்கம் போகவில்லை.

படம் முடிந்ததும் முதலிலிருந்தே சுற்றிச் சுற்றி ஓடுவது. தண்ணீர் வடிந்து, நின்றவர்களின் காலடிக்கே குப்பை திரும்பியது. பலர் கரையேறிவிட்டார்கள்.

"தாயி, தண்ணிய மட்டும் போடு," என்றார் அந்த அக்கா.

"அது மட்டும் போட்டாப் பொய்யாயிரும்க்கா."

"அப்பச் செத்த நேரம் நிக்கிறேன். வரட்டும்."

நின்றார். அவர் தோளில் கேரிப்பைகள் ஊர்ந்துபோயின. மடைப்பக்கம் மறுபடி மின்னியது. அது வெறும் வெளிச்சம் என்று இப்போது அவருக்கு நன்றாகவே தெரியும். குனிந்து, சரிந்திருந்த சேலையை மறுபடி தூக்கிச் செருகினார்.