தண்ணீர் போகும் திசை

ஏரிக்கரையில் நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. என் கைத்தொலைபேசி மட்டும் அமெரிக்காவுக்குப் போய்விட்டது. நல்வரவு சொல்லிச் செய்தி வந்தது. எனக்கு விசா மறுத்த நாடு தொலைபேசியிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மொன்றியலிலிருந்து இரண்டு மணிநேரம் கார் ஓடினால் வருகிற மெம்ப்ரேமேகொக் ஏரி இது. வடக்கே பெரும்பகுதி கியூபெக், தெற்கு முனை அமெரிக்கா. எல்லைக்கோடு தண்ணீருக்குள் எங்கேயோ கிடக்கிறது.

தெற்குக் கரையில் என் தம்பி காத்திருந்தான். அகதி வழக்கு முடியுமுன் அமெரிக்காவை விட்டு வெளியேறினால் அவனால் திரும்பிப் போக முடியாது. மொன்றியல் சென்ட் லோரன்டில் என்னோடு இருந்த அம்மா போன மாதம் காலமானார். எங்கள் வழக்கத்தில் தாய்க்குக் கொள்ளி வைப்பவன் கடைசி மகன். மின்தகனத்தில் பொத்தானை அழுத்தியதோ நான். தம்பி அதைத் தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டு நின்றான். அஸ்தியைப் பார்சலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவன்தான் இந்த ஏரியைக் கண்டுபிடித்தான்.

"நீங்கள் அங்கை கரையுங்கோ அண்ணை. நான் இஞ்சை தண்ணிக்கை கை வைச்சுக்கொண்டு நிப்பன். அம்மா என்னட்டை வருவா."

யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில் அப்பாவைக் கரைத்தவர்கள் நாங்கள். தண்ணீர் எங்கும் ஒன்றுதான் என்று நம்பிவிட்டோம்.

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கிழவர் "போன்ஜூர்" சொன்னார். அம்மாவைத் தம்பியிடம் அனுப்பப் போகிறேன் என்று அரைகுறைப் பிரெஞ்சில் சொல்லித் தெற்கே காட்டினேன். அவர் அம்மாவைத் தேடி என் காருக்குள் எட்டிப் பார்த்தார். அஸ்திக் குடத்தைக் காட்டியதும் தொப்பியைக் கழற்றினார். பிறகு தயங்கியபடி வடக்கே கை காட்டினார். இந்த ஏரித் தண்ணீர் அமெரிக்காவிலிருந்து இங்கே வருகிறதாம். இங்கிருந்து அங்கே போவதில்லையாம்.

தம்பி அழைத்தான். "அண்ணை, போட்டிட்டியளோ? தண்ணி சரியான குளிர், கை விறைக்குது."

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "தண்ணி உன்னட்டை வராதாமடா. உன்ரை பக்கத்திலையிருந்துதான் இஞ்சை வருதாம்."



"அப்ப அம்மாவைக் கொண்டுபோங்கோ. நான் வாற வரைக்கும் வைச்சிருங்கோ."

"அஸ்தியை வீட்டிலை வைக்கக் கூடாதடா."

"தெரியும் அண்ணை."

வழக்கு எப்போது முடியும் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. குடத்தை முன் இருக்கையில் வைத்துப் பெல்ட் போட்டேன். நெடுஞ்சாலையில் ஏறியதும் தொலைபேசி அதிர்ந்தது. கனடா அதை வரவேற்றது. தம்பி இன்னும் கையை எடுத்திருக்க மாட்டான். அவன் கை பட்ட தண்ணீர் மட்டும் எங்கள் பின்னால் வடக்கே வந்துகொண்டிருந்தது.