களிமண் அடைத்த நெஞ்சுக்கூடு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நான்கு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. மரக்காணம் உப்பளத்தில் அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. ஆனால் என் மகளுக்கும் அதே கூச்சம் இருந்தது. சுனாமிக்கு அடுத்த வருஷம் அவள் பிளஸ் டூ. உயிரியலை நன்றாக எழுதுவாள். வாயால் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிறவர் நேருக்கு நேர் கேட்பார், இப்படி நின்றால் மதிப்பெண் போய்விடும் என்று அவளுடைய டீச்சர் சொல்லிவிட்டார். பேசிப் பழகட்டும் என்று, பள்ளிக் கண்காட்சியில் மூச்சு மண்டலத்தை விளக்கும் வேலையை அவளுக்கே கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்க, நான் அளத்திலிருந்து வந்ததும் என்னிடம் சொல்லிப் பார்த்தாள்.

"காத்து உள்ள போவுது, அதனால நெஞ்சு விரியுது. அவ்ளோதானம்மா?" என்றேன்.

"தப்புப்பா. நெஞ்சு மொதல்ல விரியுது. அப்புறம்தான் காத்து வருது."

"அதெப்படி?"

"மூக்கையும் வாயையும் பொத்திக்கினு மூச்ச இழுங்க, பாக்கலாம்."

பொத்திக்கொண்டு இழுத்தேன். காற்று போக வழியே இல்லை. ஆனாலும் விலா எழும்பியது. நுரையீரலுக்குக் கீழே உதரவிதானம் என்ற தசை குடைபோல வளைந்திருக்கிறதாம். அது சுருங்கித் தட்டையாகிக் கீழே இறங்கும். விலா எலும்புகள் மேலே எழும்பும். உள்ளே இடம் பெரிதாகி அழுத்தம் குறைந்ததும், வெளிக்காற்று மூக்கு வழியாக மூச்சுக்குழலில் இறங்கி, கிளைக்குழல்களில் பிரிந்து, நுண்ணறைகள் வரை போகும். அவற்றின் மெல்லிய சுவரைத் தாண்டி ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போக, கார்பன் டை ஆக்சைடு இந்தப் பக்கம் வரும். தசை தளர்ந்தால் இடம் சுருங்கி, காற்று வெளியேறும். இத்தனை வயது வரை மூச்சு விட்டும் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

மாதிரியை நான் செய்தேன். அடியை வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில்தான் நெஞ்சுக்கூடு. கவட்டையாகப் பிரியும் குழாயில் கட்டிய இரண்டு பலூன்கள் நுரையீரல். அடியில் இழுத்துக் கட்டிய ரப்பர் உதரவிதானம். பாட்டில் வாயில் குழாயைச் சுற்றி இருந்த இடைவெளியை அடைக்க அவள் பசை கேட்டாள். நான் களிமண் எடுத்து வந்தேன். உப்புப் பாத்தியின் தரையைக் களிமண்ணால்தான் மிதித்து இறுக்குவோம். ஒரு சொட்டு கசியாது.

"இந்த மனுசனுக்குத் தலவலி வந்தாலும் களிமண்ணுதான் வெப்பாரு" என்றாள் என் மனைவி.

கண்காட்சி அன்று கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். பார்வையிட வந்த அதிகாரி முதலில் அவள் மேசைக்குத்தான் வந்தார். அவள் ரப்பரைக் கீழே இழுத்தாள். பலூன்கள் அசையவில்லை. மறுபடியும் இழுத்தாள். துவண்டே கிடந்தன. களிமண் காய்ந்து, குழாயைச் சுற்றி வெடித்திருந்தது. அளத்தில் தண்ணீர் நிற்பதால் மண் காயாது. அதை நான் யோசிக்கவே இல்லை. அவள் தலை குனியப் போகிறாள், அதற்குக் காரணம் நான் என்று நினைத்தேன்.

தலை குனிந்தாள்தான், விரிசலைப் பார்க்க. பிறகு நிமிர்ந்தாள்.

"சார், இதுல ஓட்ட விழுந்துடுச்சி. வெளிக்காத்து குழாய் வழியா வராம ஓட்ட வழியாவே உள்ள வந்துடுது, அதான் பலூன் விரியல. அடிபட்டு நெஞ்சுல ஓட்ட விழுந்தாலும் இதான் நடக்கும். மூக்கு நல்லாத்தான் இருக்கும், நுரையீரல் சுருங்கிப்பூடும்."

மேசையிலிருந்த டம்ளரில் விரலை நனைத்து, களிமண்ணைத் தேய்த்து விரிசலை மூடினாள். இழுத்தாள். இரண்டு பலூன்களும் ஒன்றாக உப்பின.

"ஓட்டைய வேணும்னே வெச்சியாம்மா?" என்று அவர் கேட்டார்.

"இல்ல சார். எங்கப்பா உப்பளத்துல வேல செய்றாரு. பழக்கத்துல களிமண்ண வெச்சிட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்கு வெட்கமாக இல்லை. நெஞ்சு நிமிர்ந்து நின்றேன். புத்தகத்தில் இருந்ததைச் சொன்னதோடு, இல்லாததையும் தானே யோசித்துச் சொன்னாள் என் பெண்.

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு முடிந்து வந்தவளிடம் என்ன கேட்டார்கள் என்றேன்.

"மூச்சுதான்ப்பா. நான் சொன்ன வேகத்துல அவரு, 'மெதுவாம்மா, நடுவுல நீயும் கொஞ்சம் மூச்சு வுடு'ன்னாரு."