சுவரில் கீறிய மாளிகை

சண்டை முடிந்து நாங்கள் மீள்குடியேறித் தர்மபுரத்துக்கு வந்த வருடம், வெளிநாட்டிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெட்டி பழைய புத்தகங்கள் வந்தன. கதைப் புத்தகங்களைப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். எஞ்சிக் கிடந்த ஒரு படப்புத்தகம் எனக்குக் கிடைத்தது. செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அச்செடுத்த படங்கள் அவை என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

முற்பாதி முழுவதும் பழங்கால இடிபாடுகள். கூரையில்லாத மண்டபம், முறிந்த தூண், வளைவின் மேல் முளைத்த மரம். அதில் எனக்கு ஒரு புதினமும் இல்லை. எங்கள் வீதியே அப்படித்தான் இருந்தது. பிற்பாதியில் உலகத்தில் எங்குமே இல்லாத மாளிகைகள். படிக்கட்டுக்கு மேல் படிக்கட்டாக ஏறிக்கொண்டே போயின. அவற்றைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அப்போது சின்னம்மா எங்களுடன் தகரக் கொட்டிலில் இருந்தார். சித்தப்பா கடைசிச் சண்டையில் காணாமற்போயிருந்தார். பக்கத்து வளவில் அவர்களுடைய வீட்டின் ஒரு சுவர் மட்டும் மிச்சம். வீட்டுத்திட்டத்தில் சின்னம்மாவின் பெயர் வந்திருந்தது. அந்தச் சுவரை இடித்தால்தான் அத்திவாரம் வெட்டலாம். மேசன் வரும்போதெல்லாம் "அடுத்த கிழமை பாப்பம்" என்று சின்னம்மா திருப்பி அனுப்பிவிடுவார்.

"இப்பிடியே இழுத்தியெண்டா வீடு வேற ஆருக்கும் போயிடும்" என்று அம்மா ஏசினார்.

எப்படியும் இடிக்கப்போகிற சுவர்தானே என்று நான் ஒருநாள் கரித்துண்டால் அதில் ஒரு மாளிகை கீறினேன். அம்மா கண்டுவிட்டுப் பூவரசம் தடி முறிக்கப் போனார்.

"விடுங்கோ அக்கா" என்றார் சின்னம்மா. பிறகு சுவருக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இவ்வளவு படி கீறியிருக்கிறாய், ஒருத்தரையும் காணேல்லையே?"

உச்சிப் படியில் இடுப்பில் சாரம் கட்டிய ஒருவரை முதுகு தெரியக் கீறினேன்.

"இவர் ஏறியெல்லே போறார். இறங்கி வாற மாதிரிக் கீறு."

"எனக்கு முகம் கீறத் தெரியாது, சின்னம்மா."

"முகம் வேண்டாம். வந்தாப் போதும்."

அவரை அழித்துவிட்டு, முகமில்லாத ஒருவரைக் கீழ்ப்படியில் இறக்கிவிட்டேன். அன்று பின்னேரம் முழுவதும் சின்னம்மா சுவருக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். மறுநாள் காலை அவரே மேசனுக்குச் சொல்லி அனுப்பினார். மத்தியானத்துக்குள் சுவர் இல்லை.

என்னுடைய படம் வடிவாக இல்லாதபடியால்தான் இடிக்கச் சொன்னார் என்று நினைத்து, நான் கன நாள் சின்னம்மாவுடன் கதைக்கவில்லை.