தங்கநேசத்தின் சோளக் குப்பிகள்

தங்கநேசம் போய்விட்டாள் என்ற சேதியை அவள் கொழுந்தன் கொண்டுவந்தபோது நான் ஆஸ்பத்திரியில் கட்டுத்துணிகளை அவிக்கக் கொப்பரையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தாள். திங்கட்கிழமை வந்துவிடுவாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் நானே சொல்லியிருந்தேன். அடுக்கியதை அப்படியே விட்டுவிட்டு மயிலாடிக்குப் பக்கத்திலிருக்கும் அவள் வீட்டுக்குக் கிளம்பினேன். வழி முழுக்க அவள்மேல் கோபம்தான் வந்தது. காய்ச்சலோடு அடுப்படியில் நிற்காதே என்றால் கேட்கிற ஆளா அவள்?

ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு, துணியையும் கத்திரியையும் அவித்துச் சுத்தம் செய்கிற தங்கநேசத்தைத் தெரியும். அவள் அவித்த துணியால் ஒரு புண்ணும் சீழ் பிடித்ததில்லை. ஆனால் அவளுக்கு ஆசை அந்த வேலையில் இல்லை. சமையலுக்குப் போகத்தான் விரும்பினாள். ஒரு வீட்டிலும் சேர்க்கவில்லை.

காரணத்தை அவளே எனக்குச் சொன்னாள். இடியும் மழையுமாக இருந்த ஒரு நாளுக்கு மறுநாள், தோப்பில் முளைத்திருந்த காளானைப் பறித்துக் கறி வைத்தாள். மாமியார் அன்றைக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். புருஷனுக்குப் பரிமாறிவிட்டுப் பெண்கள் கடைசியில் உட்காருவதுதானே நம் வழக்கம்? அவன் ருசி கண்டு சட்டியையே வழித்துவிட்டான். இவளுக்கு மிஞ்சியது முந்தின நாள் மீன்குழம்பு. விஷக் காளான். அவன் செத்தான், இவள் பிழைத்தாள். பிழைத்ததே குற்றமாகிவிட்டது. “அவன் தின்னான், இவ தின்னல்லியே” என்று ஊர் பேசியது. மாமியார் அன்னம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே வீட்டின் பின்கட்டில் தனக்கென்று வேறொரு அடுப்பை மூட்டிக்கொண்டார். கோவில் அசன விருந்துக்குக் காய் நறுக்கத் தங்கநேசம் உட்கார்ந்தால், அரிவாள்மணை நைசாக வேறு ஆள் பக்கம் நகர்ந்துவிடும். அவள் அவித்த துணியைப் புண்ணில் கட்டிக்கொண்டவர்கள் அவள் கையால் ஒரு வாய் சோறு தின்னமாட்டார்கள். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ரங்கூனிலிருந்து லீவில் வந்த அவள் தம்பி ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். அங்கே சீனர்கள் வைக்கோலில் காளான் பயிர் செய்கிறார்களாம். பொட்டலத்தில் இருந்த, காளானின் வேர் வெள்ளை நூலாகப் படர்ந்த வைக்கோல் கட்டிதான் விதை. அதை என்னிடம் காட்டியபோது எனக்கு எரிச்சல் வந்தது. “காளான்னு கேட்டாலே நீ ஓடணும். வளக்கப் போறியாக்கும்?” என்றேன்.

“தோப்புல பறிச்சா எது நல்லது எது விஷம்னு யாருக்குத் தெரியும்? இது என்ன விதைன்னு தெரிஞ்சு போடுறது. மாமி எனக்க கையால ஒருவாட்டி திங்கணும் ரோசி. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள்.

அன்றே நானும் அவளோடு சேர்ந்துகொண்டேன்.

அந்தக் கட்டி கொஞ்ச நாளில் காய்ந்துபோகும். விதையைப் பெருக்கியாக வேண்டும். தானியத்தைக் குப்பியில் போட்டு அவித்து, அதில் இந்த நூலைப் படரவிடலாம் என்று எங்கள் டாக்டரம்மா ஏதோ பத்திரிகையில் படித்துச் சொன்னார். கோட்டாற்றுச் சந்தையில் சோளம் வாங்கினோம். மருந்து தீர்ந்த அகலவாய்க் குப்பிகளைக் கழுவி எடுத்தோம். அவிப்பதைப் பற்றி எங்கள் இருவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாம் என்ற மிதப்பு இருந்தது. கொப்பரை மூடிக்குமேல் மயிலாடிக் கல்தச்சர்கள் கழித்த ஒரு கல்லைப் பாரத்துக்கு வைத்து, ஆவி வெளியே போகாமல் அவித்தோம். ஆறியதும் விதை போட்டோம். சில நாளில் குப்பிகளில் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்தது. திறந்தால் புளித்த நாற்றம். மறுபடி செய்தோம், மறுபடியும் அதே கதி. கட்டி கைப்பிடி அளவுக்குச் சுருங்கிவிட்டது.

கெட்டுப்போன குப்பியைக் கவிழ்த்து, கூழாய்க் கிடந்த சோளத்தை விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று சிரித்தாள். “ரோசி, நாம இத நெல்லுன்னு நெனச்சில்லா அவிச்சிருக்கோம்.”

உண்மைதான். நாஞ்சில் நாட்டுக்காரிக்கு அவிப்பது என்றால் நெல்லவிப்பு. உமி வாய் பிளந்தால்தான் பதம் என்று கை பழகிவிட்டது. குப்பியில் போடுவதற்கு முன்னால் சோளத்தையும் வாய் பிளக்கும்வரை வேகவைத்தோம். பிளந்த மணி கூழைக் கக்கி ஒட்டிக்கொண்டது. அந்தக் கூழில் கிருமிக்குக் கொண்டாட்டம். மணி மெத்தென்று வேக வேண்டும், ஆனால் தோல் கிழியக் கூடாது. பிறகு துணியில் பரத்தி, கையில் ஈரம் ஒட்டாத அளவுக்கு உலர்த்த வேண்டும். குப்பி நிறையப் போடாமல், குலுக்குவதற்கு இடம் விட்டு, வாயில் பஞ்சை அடைத்து, பஞ்சு நனையாதபடி மேலே காகிதம் கட்டினோம். ஆஸ்பத்திரி முறைப்படி அடுத்தடுத்து மூன்று நாள் ஆவியில் வைத்தோம். முதல் நாள் சாகாத கிருமி வித்து மறுநாளைக்குள் முளைக்கும். முளைத்ததை அடுத்த அவிப்பு கொன்றுவிடும். விதையைக் குப்பிக்கு மாற்றும்போது ஜன்னலை அடைத்து, ஸ்பிரிட் விளக்குச் சுடரில் குப்பியின் வாயைக் காட்டினாள். என் வாயில் துணியைக் கட்டிவிட்டாள். “நீ மூச்சு விட்டாலும் பேச்சாத்தான் வரும்” என்றாள்.

இந்தத் தடவை சோளத்தின்மேல் வெள்ளை நூல் ஓடியது. குப்பி முழுவதும் வெளுத்ததும் தொழுவத்தில் நனைத்த வைக்கோலை அடுக்கி, இடையிடையே அந்தச் சோளத்தைத் தூவினோம். சிறு முட்டைகளாகக் காளான் தலைநீட்டிய அன்று அவள் சந்தோஷப்படவில்லை. பயந்தாள். எனக்கும் பயம்தான்.

சமைத்த அன்று என்னைக் கூப்பிட்டிருந்தாள். முதலில் தானே மாமியார் கண்ணெதிரில் தின்பது, ஒரு நாள் பொறுப்பது, அதன்பிறகு மாமியாரைக் கேட்பது என்று திட்டம். நடுவீட்டில் உட்கார்ந்து தட்டில் போட்டுக்கொண்டாள். அன்னம்மாள் பின்கட்டிலிருந்து வந்து பார்த்துக்கொண்டு நின்றார். தங்கநேசம் கையை வாய்க்குக் கொண்டுபோகும்போது அவர் குனிந்து தட்டை எடுத்துக்கொண்டார்.

“நீ தின்னு காட்டாண்டாம் ட்டி” என்றார். “எனக்க மவன் வழிச்சுத் தின்ன கறியில்லா. நானும் திங்கேன்.”

நின்றபடியே தின்றார். உப்பு குறைச்சல் என்றார். தங்கநேசம் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அன்றோடு பின்கட்டு அடுப்பு அணைந்தது.

தங்கநேசத்தின் அடக்கம் முடிந்த மாலை அக்கம்பக்கத்தார் சோறும் கறியும் கொண்டுவந்தார்கள். அன்னம்மாள் ஒன்றையும் தொடவில்லை. நான் பிசைந்து கொடுத்தேன். என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, “அவ கையால தின்னே பழகிப்போச்சு மக்கா. வேற கை எறங்கல்ல” என்றார்.

தங்கநேசத்தின் குப்பிகளை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அவளுடையது என்று நான் வைத்துக்கொண்டிருப்பது குப்பிகள் அல்ல. அந்தக் கிழவி என் கையை விலக்கினாரே, அதைத்தான்.