ஜெனோவாத் துறைமுகத்தில் மூன்று கேள்விகள்

ஜூன் 14, சனிக்கிழமை, மதியம் 12.42. அம்மாவிடமிருந்து ஆறு தவறிய அழைப்புகள். நான் நின்ற இடம் இத்தாலி, ஜெனோவா.

வீட்டில் ஷிப்ட் என்று சொல்லிவிட்டு, என் காதலி மாயாவோடு லண்டனிலிருந்து விமானமேறி ஒரு நாள் ஊர் பார்க்கப் போயிருந்தேன். பழைய துறைமுகத்தில் கைகோத்து நடக்கும்போது, சுற்றுலா வந்த ஒரு அன்ரி மறித்தார்.

"தம்பி தமிழோ? எவடம்?"

"லண்டன், நோர்பரி."

"நோர்பரியில ஆரின்ர மகன்?"

நான் நெட்வேர்க் இஞ்சினியர். எவருக்கும் பாஸ்வேர்ட் கொடுத்ததில்லை. ஆனால் அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டேன். அன்ரி படமும் எடுத்தார். சிரித்துக்கொண்டு நின்றோம்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஏழாவது அழைப்பை எடுத்தேன்.

"வேலையோ தம்பி?"

"ஓம் அம்மா, சேர்வர் றூமுக்குள்ள நிக்கிறன்."

"அதுக்குள்ள கப்பலும் நிக்குதோ?"

அன்ரி எடுத்த படம் எங்களுக்கு முன்பே நோர்பரி போய்ச் சேர்ந்திருந்தது.

"பக்கத்தில நிக்கிறது எங்கட பக்கத்து ஊர் தோர்ண்டன் ஹீத் பிள்ளையெல்லோ. அவளின்ர தாய்க்கும் படத்தை அனுப்பிட்டன். பின்னேரம் இஞ்ச வாறாவாம். ரெண்டு பேரும் நேர வீட்டை வாங்கோ."

இப்போது நோர்பரி ஸ்டேஷனில் இறங்கி நிற்கிறோம். இனிச் செய்யப்போவது:

1. அம்மா ஏசி முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருப்பது.
2. மாயாவின் அம்மாவிடம் நானே பெண் கேட்பது. எப்படித் தொடங்குவதென்று அனுபவப்பட்டவர்கள் உடனே எழுதவும்.
3. அதற்கு முன்பு, இந்த பிளாட்போமிலேயே, மாயாவிடம் சம்மதம் கேட்பது.